கான்ட்ராஸ்ட் வகை பெயிண்ட்: வெட்டி ஒட்டிய படைக்குச் சரிப்படுமா?

சிறு பொம்மை வீரர்களை (மினியேச்சர்) மேசையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டில், விதிகளையும் நாமே எழுதி, படைகளையும் நாமே திரட்டும்போது வெளியே தெரியாத ஒரு சுமை இருக்கிறது. எதிராளியின் படைக்கும் நாம்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். கடையில் விற்கும் விளையாட்டு என்றால் அவரவர் படையை அவரவர் கொண்டு வந்துவிடுவார்கள். வீட்டில் பிறந்த விளையாட்டுக்கு அந்த வசதி கிடையாது. என் சதுப்பு நிலத்து வேடர்களையும் நானே முடிக்க வேண்டும், அவர்களை எதிர்த்து வரும் எலும்புப் படையையும் நானே முடிக்க வேண்டும். இது போக, யார் பக்கமும் சேராத பூதங்கள், ஓநாய்கள், ஓடி ஒளியும் ஊர்க்காரர்கள் என்று ஒரு கூட்டம் வேறு. பாதிப் படை வெறும் சாம்பல் பிளாஸ்டிக்காக நிற்கும் மேசையில் விளையாட எனக்கு மனம் வராது. கதையை நாமே யோசித்து உருவாக்கியிருக்கிறோம். மேசையில் நிற்பவர்களும் அந்தக் கதையின் ஆட்களாகவே தெரிய வேண்டும்.

கான்ட்ராஸ்ட் வகை பெயிண்டைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுத அதுதான் காரணம். 'ஒரே பூச்சில் முடிந்துவிடும்' என்று இதைப் பற்றிச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் பெட்டியில் வந்த மினியேச்சரைப் படத்தில் உள்ளபடி ஒட்டி, அப்படியே அடிப்பவர்களுக்குப் பொருந்தும். ஒரு பெட்டியிலிருந்து உடம்பு, இன்னொன்றிலிருந்து தலை, இரண்டுக்கும் நடுவில் புட்டி என்று கலந்து கட்டும் என்னைப் போன்றவர்களிடம் இந்தப் பெயிண்ட் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. அந்த வித்தியாசத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் சரக்கு என்ன என்று பார்த்துவிடலாம். கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 2019-இல் தன் சிட்டாடெல் பெயிண்ட் வரிசையில் 'கான்ட்ராஸ்ட்' என்ற பெயரில் 34 நிறங்களை இறக்கியது. 2022-இல் ஆர்மி பெயின்டரின் ஸ்பீட்பெயிண்ட் வந்தது. அதே ஆண்டில் வயேஹோவின் எக்ஸ்பிரஸ் கலரும் வந்தது. மூன்றும் 18 மில்லி அளவு. பெயர் மூன்றானாலும் வேலை செய்யும் முறை ஒன்றுதான். சாதாரண அக்ரிலிக் பெயிண்டில் நிறமி நெருக்கமாக இருக்கும், அடியில் இருப்பதை மறைப்பதுதான் அதன் வேலை. இதில் நிறமி குறைவு, அதைச் சுமக்கும் ஊடகம் அதிகம். பிரஷிலிருந்து இறங்கியதும் மேடான இடத்தை விட்டு வழிந்து பள்ளத்தில் போய்ச் சேரும். மேட்டில் மெல்லிய படலம்தான் மிஞ்சும் என்பதால் அடிப்பூச்சின் வெளிச்சம் அதன் வழியே தெரியும். பள்ளத்தில் அடர்ந்து நிழலாகிவிடும். அடிநிறம், பள்ளத்தில் ஓடும் நீர்த்த வாஷ், மேட்டை மட்டும் தொடும் காய்ந்த பிரஷால் டிரைபிரஷ் என்று மூன்று முறை கை வைத்து வாங்கும் ஏற்ற இறக்கத்தை ஒரே தடவையில் கொடுத்துவிடுகிறது.

பள்ளத்தைத் தேடிப் போகும் பெயிண்டுக்கு, சிற்பி வேண்டுமென்று செதுக்கிய பள்ளம் எது, நாம் ஒட்டிய இடத்தில் தவறி விட்ட பள்ளம் எது என்ற பேதம் தெரியாது. வெட்டி ஒட்டும் கைக்கு இந்தப் பெயிண்டின் முதல் பாடமே இதுதான்.

என் வேடர்களில் ஒருவனை எடுத்துக்கொள்கிறேன். உடம்பு மனிதக் காலாட்படைப் பெட்டியிலிருந்து வந்தது, கடினமான பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். தலை ஒரு பல்லி இனத்துப் பெட்டியிலிருந்து வந்தது. கையிலிருந்த வாளை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளங்கையில் 1 மி.மீ. துளை போட்டுக் கம்பியைச் செருகி ஈட்டியாக்கியது. தோளில் கிரீன் ஸ்டஃப் என்ற புட்டியில் செய்த ஓலைப் போர்வை. ஒட்டி முடித்துச் சாம்பல் நிறத்தில் பார்த்தால் கழுத்து ஒழுங்காகப் பொருந்தியதாகவே தெரியும். தலைமுடி மொத்தத்துக்கு ஓர் இடைவெளி மட்டும் கழுத்தைச் சுற்றி இருக்கும். சாதாரண பெயிண்ட் என்றால் இரண்டாவது பூச்சில் அது தானாகவே அடைந்துவிடும். கான்ட்ராஸ்ட் பச்சையை அந்த இடத்தில் ஓட விட்டால், உலர்ந்தபின் கழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கயிறு கட்டினது போல நிற்கும். பல்லித் தலையும் மனித உடம்பும் ஒரே பிறவி என்று பார்ப்பவரை நம்ப வைக்கத்தான் இவ்வளவு பாடு. அந்தக் கோடு ஒன்றே அதைக் குலைத்துவிடும்.

அச்சுக் கோடும் அப்படித்தான். வார்ப்பின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் ஓடும் அந்தப் பிசிறு, தொடையின் மேலும் தொப்பியின் மேலும் மெல்லிய மேடாக நிற்கும். இந்தப் பெயிண்ட் அதன் இரு பக்கமும் தேங்கி, நடுவில் வெளிறிய கோடாக அதை எடுத்துக் காட்டும். ஆக, பெயிண்டில் மிச்சமாகும் நேரத்தில் ஒரு பங்கை முன்வேலையில் செலவழித்தே ஆக வேண்டும். எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருக்கிறது. கத்தியின் முதுகால் பிசிறைச் சுரண்டுவதும், இணைப்பில் பட்டி பார்த்து உப்புத்தாள் போடுவதும் அவசரமில்லாமல் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைகள். ஒவ்வோர் ஆளாக எடுத்து மேல்நிறத்தை மூன்று அடுக்கில் ஏற்றிக்கொண்டிருப்பதுதான் பெரும்படையை முடிக்க விடாமல் இழுத்தடிக்கும்.

இணைப்பு சரியாக அடைந்ததா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள நான் செய்வது இது. பிரைமர் என்ற அடிப்பூச்சை அடிப்பதற்கு முன், தண்ணீர் கலந்த கறுப்பு வாஷை வெறும் பிளாஸ்டிக்கில் ஒட்டிய இடங்களில் மட்டும் தடவுவேன். இடைவெளி இருந்தால் கறுப்பு அதற்குள் ஓடி நிற்கும். காய்ந்ததும் அதைச் சுரண்டிவிட்டு அந்த இடத்தில் மட்டும் புட்டி வைக்கலாம். பிரைமர் அடித்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்துப் பார்ப்பது அடுத்த சோதனை. உடம்பு ஒரு நிறம், தலை ஒரு நிறம், புட்டி ஒரு பச்சை என்று இருந்தவன் முதன்முறையாக ஒரே ஆளாகத் தெரிவது அப்போதுதான். மேடு பள்ளமும் அந்த நேரத்தில்தான் நேர்மையாகக் கண்ணில் படும்.

புட்டியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தப் புட்டி என்பதையும் இந்தப் பெயிண்ட் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கிரீன் ஸ்டஃப் என்று நாம் சொல்லும் நீலமும் மஞ்சளுமான எபாக்சிப் புட்டி இறுகிய பிறகும் சற்று ரப்பர் தன்மையோடு இருக்கும். உப்புத்தாள் போட்டால் வழவழப்பாகாமல் நார் நாராக எழும்பும். அதனால் கை ரேகையோ கருவியின் தழும்போ இல்லாமல், ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் தொட்டு நீவி முடித்துவிட வேண்டும். பட்டையாக வருவதை வாங்கினால் நீலமும் மஞ்சளும் தொட்டுக்கொண்டிருக்கும் நடுக்கோடு பெட்டியிலேயே இறுகிப்போயிருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டுத்தான் பிசைய வேண்டும், இல்லாவிட்டால் சிறு கட்டிகள் நிற்கும், அந்தக் கட்டிகளைச் சுற்றியும் பெயிண்ட் தேங்கும். மில்லிபுட் என்ற இன்னொரு புட்டி இறுகினால் கல்லாகும், உப்புத்தாளுக்கு நன்றாகக் கொடுக்கும். நான் முடி, ரோமம், துணி மடிப்பு எல்லாவற்றுக்கும் கிரீன் ஸ்டஃபும், வழவழப்பாகத் தெரிய வேண்டிய தோள், முதுகு, கவசம் இவற்றின் இணைப்புக்கு மில்லிபுட்டும் என்று பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி நல்ல செய்தி. சிற்பத்தில் கை தேராதவர்களுக்கு இந்தப் பெயிண்ட் ஒரு வரப்பிரசாதம். என் எலும்புப் படையின் தலைவன் தோளில் ஒரு கரடித் தோல் கிடக்கிறது. தட்டையாக உருட்டிய கிரீன் ஸ்டஃபைத் தோளில் போர்த்தி, ஊசி முனையால் ஒரே திசையில் கீறிக்கொண்டே போனதுதான் மொத்த வேலை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெறும் கீறல்கள். அதன் மேல் கோர்-கிரண்டா ஃபர் என்ற செம்பழுப்பை ஒரு முறை ஓட விட்டேன். ஒவ்வொரு கீறலின் அடியிலும் இருள், ஒவ்வொரு வரம்பிலும் வெளிச்சம் என்று நிஜ ரோமமாகவே எழுந்து நின்றது. அதே தோலைச் சாதாரண பழுப்பில் அடித்து டிரைபிரஷ் செய்திருந்தால் கீறலின் ஒழுங்கின்மைதான் முன்னால் வந்திருக்கும். சொரசொரப்பு எதுவானாலும் அதற்கு இந்தப் பெயிண்ட் கைகொடுக்கும். வழவழப்பான இடத்தில்தான் கைவிடும்.

இது பிடிபட்ட பிறகு நான் மினியேச்சரை மாற்றி அமைக்கும் முறையே மாறிவிட்டது. பெரிய தட்டையான கேடயத்தை அப்படியே விடுவதில்லை. பிரைமருக்கு முன்பே கத்தியால் மர வரி கீறுவேன், விளிம்பில் வெட்டுக்காயம் போடுவேன், ஆணித் தலைகளாகப் புட்டியில் சிறு உருண்டைகள் வைப்பேன். அகலமான போர்வை என்றால் ஓர் ஒட்டுத்துணியும் தையலும் சேர்ப்பேன். ஒன்றுமில்லாத பரப்பில் இந்தப் பெயிண்ட் எங்கே போவதென்று தெரியாமல் திட்டுத்திட்டாக நிற்கும். போக வழி வெட்டிக் கொடுத்தால் ஒழுங்காக ஓடும். நம் விளையாட்டு, நம் ஆட்கள் என்பதால் யாரிடமும் அனுமதி கேட்காமல் கேடயத்தையே மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் உருவாக்கும் விளையாட்டின் பெரிய சுகம் எனக்கு அதுதான்.

3டி பிரிண்டரில் ரெசினால் அடுக்கடுக்காக அச்சடித்த மினியேச்சர் கலப்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடுக்கு 0.05 மி.மீ. மட்டுமே இருந்தாலும் தலைக்கவசத்தின் உச்சி, தோளின் வளைவு போன்ற மெதுவாகச் சரியும் இடங்களில் வட்டக் கோடுகள் விழும். வெறும் கண்ணுக்குத் தெரியாத அந்தப் படிகளையும் இந்தப் பெயிண்ட் வரைபடத்தின் மட்டக்கோடுகளாக வரைந்து காட்டிவிடும். அச்சடிக்கும்போதே ஆளைச் சாய்த்து வைத்தால் கோடுகள் முகத்தை விட்டு விலகும். மிச்சத்தை நீர் தொட்டு உப்புத்தாள் போட்டு எடுக்கலாம். ரெசின் தூள் மூச்சில் போகக் கூடாத பொருள், ஆகவே காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், முகமூடி இல்லாமலும் தேய்க்காதீர்கள்.

அடிப்பூச்சு பற்றிப் பலரும் சொல்லிவிட்டார்கள் என்பதால் சுருக்கமாக முடிக்கிறேன். சிட்டாடெலின் ரெய்த்போன் சற்று மஞ்சள் ஓடிய எலும்பு நிறம். தோல், மரம், ரோமம், சூடான நிறங்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் என் தேர்வு. கிரே சீர் குளிர்ந்த சாம்பல். நீலம், கருநீலம், பிசாசு வகையறாவுக்கு நன்றாக அமையும். சொரசொரப்பாக விழும் பிரைமர் இந்தப் பெயிண்டுக்கு ஆகாது, ஓட்டம் தடைப்பட்டுப் புள்ளி புள்ளியாகிவிடும். மென்மையான பிவிசி வகை மினியேச்சர் கலந்திருந்தால் இன்னொரு எச்சரிக்கை: சில ஸ்ப்ரே பிரைமர்கள் அந்தப் பொருளின் மேல் முழுதாகக் காயாமல் பிசுபிசுவென்றே நின்றுவிடும். அப்படிப்பட்ட ஆளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பிரஷால் பூசும் பிரைமர் கொடுப்பது பத்திரம்.

வெளிர் அடிப்பூச்சுக்கு மாற்றாக 'ஸ்லாப் சாப்' என்று ஒரு முறை பரவியிருக்கிறது. கறுப்பு பிரைமர் அடித்து, அதன் மேல் சாம்பலையும் வெள்ளையையும் டிரைபிரஷ் செய்து, அப்புறம் கான்ட்ராஸ்ட் ஓட விடுவது. ஒட்டுவேலைக்காரர்களுக்கு நான் மனதார இதைச் சிபாரிசு செய்வேன். பள்ளங்கள் ஏற்கெனவே கறுப்பாக இருப்பதால் கழுத்தின் இடைவெளியும் மற்ற நிழல்களோடு கலந்து மறைந்துவிடுகிறது. ஆனால் நிறத்தின் பொலிவு குறையும். மஞ்சள் இந்த முறையில் தேறவே தேறாது, நிழல் பக்கமெல்லாம் அழுக்குப் பச்சையாகிவிடும். என் எலும்புப் படை முழுக்க ஸ்லாப் சாப்தான். மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்தவர்களுக்கு அந்த மங்கல் பொருத்தம். வேடர்கள் எல்லோரும் ரெய்த்போன் மேல். பக்கத்தில் நிறுத்தினால் ஒரு படை இருளிலிருந்தும் மற்றொன்று வெயிலிலிருந்தும் வந்ததாகவே தெரிகிறது. கதைக்கு நான் கேட்டதும் அதுதான்.

அடிக்கும் முறையில் மூன்று நான்கு விஷயங்கள் பழகினால் போதும். பிரஷ் பெரிதாக இருக்கட்டும். 2-ஆம் எண் சிந்தெடிக் போதும், கொலின்ஸ்கி முடி பிரஷைக் கண்ணுக்கும் விளிம்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தாராளமாக வைத்து, ஒரே மூச்சில் ஒரு பகுதியை முடித்துவிட வேண்டும். கீழ் விளிம்பில் குளம் கட்டினால் ஈரம் ஒற்றி எடுத்த பிரஷ் நுனியைத் தொட்டால் உறிஞ்சிக்கொள்ளும். பாதி காய்ந்த இடத்தை மட்டும் திரும்பத் தொடாதீர்கள், கிழிந்த படலமாக எழுந்து வரும். நிறத்தை இளக்க வேண்டுமானால் அதற்கென்றே விற்கும் மீடியத்தைச் சேர்க்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் நிறமி ஓரத்துக்கு ஒதுங்கி, காய்ந்தபின் கறைக்கோடு விழும். காய அரை மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். அதனால் ஓர் ஆளோடு மல்லுக்கட்டாமல் பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி, எல்லோருக்கும் தோல், அப்புறம் எல்லோருக்கும் துணி என்று போவதுதான் சரி. கடைசி ஆளை முடிக்கும்போது முதல் ஆள் அடுத்த நிறத்துக்குத் தயாராகிவிடுவான்.

பிசகிப் பக்கத்து இடத்தில் பட்டுவிட்டால் மேலே இன்னொரு கான்ட்ராஸ்ட் போட்டு மறைக்க முடியாது. இதற்காகவே ரெய்த்போன், கிரே சீர் இரண்டும் பிரஷால் பூசும் டப்பாவிலும் கிடைக்கின்றன. பட்ட இடத்தை அதை வைத்து வெளுத்துவிட்டு, திரும்ப அடிக்கலாம். ஸ்ப்ரே வாங்கும்போதே அதே நிறத்தின் டப்பாவையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.

நிறங்களில் எனக்கு உயிர் ஸ்கெலிட்டன் ஹோர்ட். எலும்புக்கென்று செய்தது, எலும்புக்கு வேறெதுவும் தேவையில்லை. பழைய துணி, தோல்சுருள், கொம்பு, நகம் எல்லாவற்றுக்கும் கூட அதையே எடுப்பேன். வைல்ட்வுட் இருண்ட மரத்துக்கு. ஸ்னேக்பைட் லெதர் பெயரில் உள்ளபடியே தோலுக்கு, வார் பட்டைக்கு. கிரீட் கேமோ சதுப்புத் துணிக்கும் பல்லித் தோலுக்கும். ஏதர்மேட்டிக் ப்ளூவை வெள்ளை அடிப்பூச்சின் மேல் ஒரு முறை ஓட விட்டால் பேய் தயார், அதற்கு மேல் கை வைக்க வேண்டியதே இல்லை. பிளாக் டெம்ப்ளர் மிக அடர்த்தி. மீடியம் கலக்காவிட்டால் ஏற்ற இறக்கம் தெரியாமல் வெறும் கறுப்பாகவே உட்கார்ந்துவிடும். வெள்ளி மெட்டாலிக் பெயிண்ட் அடித்து, அதன் மேல் பேசிலிகேனம் கிரே ஓட விட்டால் பழகிய இரும்பு கிடைக்கும். வெள்ளியின் மேல் மஞ்சள் பழுப்பு ஓட விட்டால் பித்தளையும் பொன்னும் கிடைக்கும். என் பூதங்களின் கையிலிருக்கும் கொப்பரைகள் எல்லாம் அந்த முறையில் வந்தவைதான், தனியாகத் தங்க நிற டப்பாவே வாங்கவில்லை.

இந்தப் பெயிண்டால் மட்டும் படை முழுதாகாது என்பதை எனக்குத் தெளிவாக்கியது என் அக்கா மகன். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "மாமா, இதுல எது வில்லாளி, எது ஈட்டிக்காரன்? எல்லாரும் ஒரே பச்சையா இருக்காங்க" என்றான். அவன் சொன்னது நியாயம். கான்ட்ராஸ்டின் அழகு கையில் எடுத்துப் பார்க்கும் தூரத்தில் இருக்கிறது. 28 மி.மீ. உயர ஆளை மேசையின் மறுமுனையிலிருந்து பார்க்கும்போது உள்ளிருக்கும் நிழலும் வெளிச்சமும் கலந்து ஒரே நிறமாகிவிடும். எங்கள் விதிகளில் ஈட்டிக்காரன் ஓடிவரும் எதிரியை நிறுத்துவான், வில்லாளி நகர்ந்த சுற்றில் அம்பு விட முடியாது. ஆள் அடையாளம் தெரியாவிட்டால் விதியே நடக்காது.

அதற்குச் சாதாரண, நன்றாக மறைக்கும் பெயிண்ட்தான் வழி. ஈட்டிக்காரர் எல்லோருக்கும் கேடயத்தின் நடுவில் கெட்டியான வெள்ளைப் பட்டை. வில்லாளிகளின் அம்பறாத்தூணிக்குக் கெட்டியான சிவப்பு. தலைவனின் பேஸ் (காலடித் தட்டு) விளிம்பு மட்டும் மஞ்சள், மற்றவர்கள் கறுப்பு. தோள், தலை உச்சி, கேடய விளிம்பு என்று மேலிருந்து பார்த்தால் படும் இடங்களில் வெளிர் நிறத்தால் ஒரு டிரைபிரஷ். இந்த நாலு தொடுதலுக்கு அதிக நேரம் ஆகாது, ஆனால் மேசையில் படை உயிர் பெறுவது இவற்றால்தான். இப்போது அவன் ஒரு தடவை கூடக் கேட்பதில்லை, பகடையை உருட்டிவிட்டு நேராக என் வில்லாளிகளைத்தான் குறி வைக்கிறான். விதி எழுதும்போதே எந்த வகை ஆளுக்கு எந்தக் கெட்டி நிறம் என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். விற்கும் விளையாட்டுகளில் மினியேச்சரின் வடிவமே ஆளைச் சொல்லிவிடும். கலந்து கட்டிய படையில் இரண்டு ஈட்டிக்காரர்கள் கூட ஒரே சாயலில் இருக்க மாட்டார்கள், நிறம்தான் அவர்களைச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

கை படப் படத் தேய்வது இந்த வகையின் உண்மையான பலவீனம். மேட்டில் படலம் மெல்லியது என்பதால் மூக்கு, முட்டி, ஈட்டி நுனி, கேடய விளிம்பு முதலில் வெளுக்கும். விளையாடும் மினியேச்சரை எடுத்து எடுத்து வைக்கத்தானே போகிறோம். வார்னிஷ் கட்டாயம். நான் முதலில் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, அது நன்றாகக் காய்ந்தபின் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுக்கிறேன். பளபளப்பு வார்னிஷ் கெட்டியான கவசம், மேட் அதன் மினுமினுப்பை அடக்கிவிடும். பெயிண்ட் தேங்கிய இடங்களில் தெரியும் லேசான பளபளப்பும் இதில் சமமாகிவிடும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் மேட் ஸ்ப்ரே அடித்தால் வெண்படலமாகப் பூத்துவிடும், அந்த நாளில் பிரஷால் பூசுங்கள். மேசையில் ஆளைத் தூக்கும்போது பேஸைப் பிடித்துத் தூக்கச் சொல்லி விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்று நிறுவனங்களில் எது என்று கேட்டால்: சிட்டாடெலின் நிறங்களில்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருக்கிறது, ஸ்கெலிட்டன் ஹோர்டுக்கு மாற்றாக நான் எதையும் ஏற்க மாட்டேன். அது மூடி திறக்கும் டப்பாவில் வருகிறது. ஸ்பீட்பெயிண்டும் எக்ஸ்பிரஸ் கலரும் சொட்டுச் சொட்டாக விடும் குப்பியில் வருவதால், கலந்து அடிப்பவர்களுக்கு அளவு பிடிபடும்; இத்தனை சொட்டுப் பச்சைக்கு இத்தனை சொட்டு மீடியம் என்று குறித்து வைத்துக்கொண்டால் பிறகு சேரும் ஆட்களுக்கும் அதே பச்சை வரும். படையை ஒரே நாளில் முடிக்காமல் வருடக்கணக்கில் வளர்ப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். ஸ்பீட்பெயிண்டின் முதல் பதிப்பு, காய்ந்தபின்னும் மேலே ஈரம் பட்டால் கரைந்து எழும் தன்மை கொண்டது. 2023-இல் வந்த 2.0 பதிப்பில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். பழைய குப்பியை யாராவது கொடுத்தால் லேபிளில் 2.0 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதை மேலே வேறெதுவும் படாத கடைசிப் பூச்சாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்பிரஸ் கலர் என் கையில் மற்ற இரண்டையும் விட அமைதியான நிறம், துணிகளுக்கு அதைத்தான் எடுக்கிறேன். மூன்றையும் ஒரே ஆளின் மேல் தாராளமாகக் கலந்து பயன்படுத்தலாம்.

புதிதாக ஆரம்பிப்பவர் முழுத் தொகுப்பையும் வாங்க வேண்டியதில்லை. எலும்பு நிறம், தோல் பழுப்பு, இருண்ட மரப் பழுப்பு, மந்தமான பச்சை, ஒரு மேனி நிறம், ஒரு சாம்பல், அப்புறம் இரு படைக்கும் ஆளுக்கு ஒரு தனி நிறம், அவ்வளவுதான். கூடவே கெட்டியான வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள் சாதாரண அக்ரிலிக்கில், ஒரு வெள்ளி மெட்டாலிக். மீடியத்தை மட்டும் இரண்டு குப்பி வாங்குங்கள். இளக்குவதற்கு ஒன்று, இரண்டு நிறத்தைக் கலந்து உங்கள் படைக்கென்று ஒரு நிறத்தைத் தேடிக்கொண்டிருக்கும் மாலைகளுக்கு இன்னொன்று. பெயிண்டுக்கு முன்பே வாங்க வேண்டியவை மில்லிபுட்டும், 600-ஆம் எண் உப்புத்தாளும்.